20 ஆண்டுக் கோடு: அமெரிக்க ராணுவ அதிகாரிகளின் ஆட்குறைப்பும் விருப்ப விலகலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாம், பனிப்போர், இராக் என்று ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அமெரிக்க ராணுவம் தன் அதிகாரிகளில் ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. சிலருக்குக் கை நிறையப் பணம், சிலருக்கு ஓய்வூதியத்தில் கொஞ்சம், சிலருக்கு வெறும் கடிதம். அமெரிக்கப் படையில் உறவினர் உள்ளவர்களும், பாதுகாப்புத் துறைச் செய்திகளைத் தொடர்கிறவர்களும், நம் வங்கிகளின் வி.ஆர்.எஸ். திட்டங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சிப்பாய், சார்ஜென்ட் நிலைகளுக்கு விதிகள் வேறு; இங்கே பேசுவது அதிகாரிகளைப் பற்றி மட்டும்.

ஒரு கம்பெனி ஆட்களைக் குறைப்பதற்கும் ராணுவம் குறைப்பதற்கும் என்ன வேறுபாடு?

கம்பெனி இன்று ஐம்பது மேலாளர்களை அனுப்பிவிட்டு, நாளை தேவைப்பட்டால் போட்டிக் கம்பெனியிலிருந்து ஐம்பது பேரை இழுத்துக்கொள்ளலாம். ராணுவத்துக்கு அந்த வசதி இல்லை. பட்டாலியனை நடத்த ஒரு லெப்டினன்ட் கர்னல் வேண்டுமென்றால், பதினைந்து பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு இளம் லெப்டினன்ட்டைச் சேர்த்திருக்க வேண்டும். மருத்துவர், வழக்கறிஞர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் அடிப்படியில் நுழைந்துதான் மேலே வர முடியும்.

அதனால் அங்கே கணக்கெல்லாம் ஆண்டுத் தொகுதிகளாகத்தான் நடக்கும். ஒரே ஆண்டில் நியமனம் பெற்றவர்கள் ஒரு தொகுதி. எந்தத் தொகுதி தேவைக்கு மேல் பருத்திருக்கிறதோ அதன்மேல்தான் கத்தி விழும். நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தீர்கள் என்பதற்கு முன்னால், எந்த ஆண்டில் சேர்ந்தீர்கள் என்பது பார்க்கப்படும். போர்க்காலத்தில் அவசரமாக ஆள் சேர்த்த ஆண்டில் நுழைந்தவர்களுக்கு இது தலைவிதி மாதிரி.

இன்னொன்றும் உண்டு. எத்தனை மேஜர், எத்தனை கர்னல் இருக்கலாம் என்பதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மொத்தப் படை சுருங்கினால் அந்த வரம்பும் சேர்ந்தே சுருங்கும்.

சாதாரண காலத்திலேயே ஆட்களை வெளியேற்றுகிறார்களாமே?

ஆமாம். 'மேலே ஏறு, இல்லாவிட்டால் வெளியேறு' என்பதுதான் அங்கே அன்றாட விதி. 1947-ல் வந்த சட்டம் அடித்தளம் போட்டது. 1980-ல் வந்த பாதுகாப்பு அதிகாரிகள் பணியாளர் மேலாண்மைச் சட்டம் எல்லாப் படைகளுக்கும் அதை ஒரே சீராக்கியது. உரிய காலம் வந்ததும் கேப்டன்களில் சுமார் 80 சதவீதம் பேர் மேஜர் ஆகலாம், மேஜர்களில் 70 சதவீதம் பேர் லெப்டினன்ட் கர்னல் ஆகலாம், அவர்களில் பாதிப் பேர் கர்னல் ஆகலாம் என்பது அந்த ஏற்பாட்டின் இலக்கு. மேஜர் பதவிக்கு இரண்டு முறை பரிசீலிக்கப்பட்டு இரண்டு முறையும் தேர்வாகாத கேப்டன் சில மாதங்களில் சீருடையைக் கழற்ற வேண்டியதுதான். தேவை இருந்தால் தனிக் குழு கூடி 'இவர் தொடரட்டும்' என்று நீட்டிப்புத் தரலாம். அந்த நீட்டிப்பு உரிமை ஆகாது, சலுகைதான். இதன் விலை என்ன என்று பின்னால் பார்ப்போம்.

எல்லோரும் 20 ஆண்டு, 20 ஆண்டு என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பழைய ஓய்வூதிய முறையில், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 2.5 சதவீதம் கணக்கு. 1980-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு, சம்பளம் உச்சத்தில் இருந்த 36 மாதங்களின் சராசரியை எடுப்பார்கள். 20 ஆண்டு முடித்தவருக்கு 50 சதவீதம், மறுமாதமே தொடங்கும், சாகும் வரை வரும், விலைவாசிக்கு ஏற்ப உயரும். நாற்பத்திரண்டு வயதில் ஓய்வு பெறும் ஒருவர் நாற்பது ஆண்டுகள் அதை வாங்குவார் என்று வைத்தால், மொத்தத் தொகை பத்து லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

17 ஆண்டுகள் 11 மாதங்களில் வெளியேற்றப்பட்டவருக்கு? ஓய்வூதியம் பூஜ்யம். விகிதாச்சாரப்படி கொஞ்சமாவது உண்டா என்றால் அதுவும் கிடையாது. 18 ஆண்டைத் தொட்டுவிட்டால் மட்டும் சட்டம் குடை பிடிக்கிறது: 20-க்கு இரண்டு ஆண்டு தூரத்துக்குள் வந்துவிட்டவரை, ஒழுங்கு நடவடிக்கை போன்ற காரணம் இல்லாமல், 20 முடியும் வரை வைத்திருக்க வேண்டும்.

ஆகவே 6 முதல் 17 ஆண்டுகள் வரை பணியாற்றியவர்கள்தான் ஆட்குறைப்பின் முழு அழுத்தத்தையும் தாங்குகிறார்கள். அரசுக்கும் அவர்களை அனுப்புவதுதான் லாபம், ஏனென்றால் ஓய்வூதியச் சுமை அதோடு கழிகிறது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணக்குப் பேரேடு சொல்லும்.

2018 ஜனவரி முதல் சேர்ந்தவர்களுக்கு நிலைமை சற்றே மாறியிருக்கிறது. கலப்பு ஓய்வூதிய முறையில் ஆண்டுக்கு 2 சதவீதம் கணக்கிட்டு 20 ஆண்டில் 40 சதவீதம்தான். ஆனால் சேமிப்பு நிதிக் கணக்கில் அரசும் அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம் வரை போடுகிறது. பாதியில் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வெறுங்கையோடு போகும் நிலை ஓரளவு தீர்ந்தது.

பணம் கொடுத்து அனுப்பும் வழக்கம் எப்போது தொடங்கியது?

'முதலில் விருப்பமுள்ளவர்கள், பிறகு மற்றவர்கள்' என்ற யோசனை நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. 1899-ல் வந்த கடற்படைச் சட்டப்படி, மேல்நிலைப் பதவிகளில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கை இடங்கள் காலியாக வேண்டும். தானாக ஓய்வு கேட்பவர்கள் போதாவிட்டால், ரியர் அட்மிரல்கள் கொண்ட குழு உட்கார்ந்து யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும். கடற்படையினர் அதற்கு 'பிடுங்கும் குழு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1915-ல் அந்தக் குழு ஒழிந்தது. அதன் சூத்திரம் ஒழியவில்லை.

நாம் இன்று பார்க்கும் ஊக்கத்தொகைத் திட்டங்கள் பனிப்போர் முடிந்தபின் வந்தவை. 1980-களின் பிற்பகுதியில் 21 லட்சத்துக்கு மேல் இருந்த முழுநேரப் படைபலம் 1990-களின் இறுதியில் சுமார் 14 லட்சத்துக்கு இறங்கியது. வளைகுடாப் போரில் வென்று திரும்பியவர்களை அடுத்த ஆண்டே வெளியே தள்ளுவது அரசியல்ரீதியாக நன்றாக இருக்காது என்பது காங்கிரஸுக்குத் தெரியும். அதனால் 1991 டிசம்பரில் இரண்டு திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது.

அந்த இரண்டு திட்டங்களில் எது லாபம்? மக்கள் எதை எடுத்தார்கள்?

பொருளாதார வகுப்புகளில் இன்றும் பேசப்படும் கதை இது.

முதல் திட்டம் மொத்தத் தொகை: ஆண்டு அடிப்படைச் சம்பளத்தில் 15 சதவீதம், பெருக்கல் பணியாண்டுகள். இரண்டாவது ஆண்டுத் தவணை: ஆண்டு அடிப்படைச் சம்பளத்தில் 2.5 சதவீதம், பெருக்கல் பணியாண்டுகள். இதை, பணியாற்றியதைப் போல் இரண்டு மடங்கு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் தருவார்கள்.

கேப்டன் ஒருவரின் ஆண்டு அடிப்படைச் சம்பளம் 36,000 டாலர், பணி 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தொகை கேட்டால் 54,000 டாலர், உடனே. தவணை கேட்டால் ஆண்டுக்கு 9,000 டாலர், 20 ஆண்டுகளுக்கு; கூட்டினால் 1,80,000. தவணைக்கு அகவிலை உயர்வு கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் 54,000-ஐ வாங்கி எங்காவது போட்டு அந்தத் தவணைக்கு ஈடாகச் சம்பாதிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைக்க வேண்டும். அன்றைய அமெரிக்காவில் எந்த வங்கி அப்படிக் கொடுத்தது?

எடுத்தது எதை? ஜான் வார்னர், சால் பிளீட்டர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் சுமார் 65,000 பேரின் முடிவுகளை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். அதிகாரிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களும், கீழ்நிலைப் படையினரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களும் மொத்தத் தொகையையே வாங்கிக்கொண்டு போனார்கள். இதனால் அரசுக் கருவூலத்துக்கு மிச்சமானது 170 கோடி டாலர் என்பது அவர்களின் மதிப்பீடு.

'கணக்குத் தெரியாதவர்கள்' என்று சிரித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள், ராணுவக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், வேலை சந்தை மந்தம். கையில் வரும் தொகையில் வீட்டுக்கு முன்பணம் கட்டலாம், கடன் அட்டை பாக்கியை அடைக்கலாம். இன்னும் இருபது ஆண்டுகளுக்கு அரசு வாக்கு மாறாமல் தரும் என்று, அதே அரசு வெளியே அனுப்பும் நேரத்தில் நம்புவது எளிதா? தவணை வாங்குவதானால், தேவைப்படும்போது அழைக்கப்படும் ரிசர்வ் படைப் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் சிலரை யோசிக்க வைத்திருக்கும்.

இப்போது நடைமுறையில் உள்ள தொகை எவ்வளவு?

அடிப்படை அளவுகோல், கட்டாயமாக அனுப்பப்படுகிறவருக்குத் தரும் பிரிவுத் தொகை: ஆண்டு அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம், பெருக்கல் பணியாண்டுகள். குறைந்தது 6 ஆண்டு பணி, 20-க்குக் கீழ், நற்சான்றோடு விலகல், பிறகு மூன்று ஆண்டு ரிசர்வ் கடமைக்கு ஒப்புதல் ஆகியவை வேண்டும். சில காரணங்களுக்காக அனுப்பப்படுகிறவர்களுக்கு அதில் பாதிதான். ஆண்டுக்கு 60,000 டாலர் அடிப்படைச் சம்பளமும் 10 ஆண்டு பணியும் உள்ளவருக்கு முழுத்தொகை 60,000 டாலர்.

தானாக முன்வருபவருக்கான விருப்ப விலகல் தொகை இதன் மடங்குகளாகக் கணக்கிடப்படும். சட்டம் அனுமதிக்கும் உச்சம் நான்கு மடங்கு. உண்மையில் எத்தனை மடங்கு என்பதை அந்தந்தப் படை, அந்தந்த ஆண்டின் தேவையைப் பார்த்து அறிவிக்கும். நான்கு மடங்கைக் கனவு கண்டு காத்திருக்க வேண்டாம். கணக்கில் வருவது அடிப்படைச் சம்பளம் மட்டும் என்பதையும் கவனியுங்கள். வீட்டு வாடகைப் படி, உணவுப் படி எல்லாம் சேராது. வருமான வரியும் உண்டு.

விரும்புகிறவர்கள் எல்லோரும் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. விருப்பம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். படை ஒரு பட்டியல் வெளியிடும்: இந்த ஆண்டுத் தொகுதி, இந்தத் துறை, இத்தனை பேர். உளவுத்துறையில் ஆள் மிகுதி என்றால் அங்கே கதவு திறந்திருக்கும். விமானிகளுக்குப் பஞ்சம் என்றால் விமானி எவ்வளவு கெஞ்சினாலும் விண்ணப்பம் ஏறாது. பயிற்சிக்கோ மேற்படிப்புக்கோ ராணுவம் செலவழித்து, அதற்கான கட்டாயப் பணிக்காலம் பாக்கி இருந்தாலும் சிக்கல். ஒதுக்கீடு நிரம்பியதும் கதவு மூடப்படும். நடுவில் விதிகளை மாற்றுவதும் நடக்கும்.

'விருப்பம்' என்கிறார்களே, அது உண்மையிலேயே விருப்பமா?

தேதிகளைப் பாருங்கள், புரிந்துவிடும். விருப்ப விலகலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் முதலில் வரும். கட்டாயமாக அனுப்பும் குழு அதற்குப் பிறகுதான் கூடும். 'இப்போது போனால் இரண்டு மடங்கு, குழு தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஒரு மடங்கு' என்ற வாசகம் அறிவிப்பிலேயே ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். பின்னால் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் முன்னால் உள்ள பணத்துக்கு இழுக்கும் சக்தி பாதியாகிவிடும். 2025-ல் திருநர் படையினரை வெளியேற்றும் உத்தரவு வந்தபோதும் இதே ஏற்பாடுதான்: குறித்த தேதிக்குள் தானாக விலகுகிறவருக்கு, கட்டாய விலகலுக்கான தொகையைப் போல் இரண்டு மடங்கு.

நிஜமாகவே வெளியேற விரும்பி, தொகையையும் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போனவர்களும் நிறைய உண்டு. திட்டத்தின் கணிசமான பணம், எப்படியும் போக இருந்தவர்களுக்குப் போய்ச் சேருகிறது என்பது இதன் மீதான பழைய குறை.

15 ஆண்டிலேயே ஓய்வூதியம் தருவதாகக் கேள்விப்பட்டேனே?

தற்காலிக முன்கூட்டிய ஓய்வு அதிகாரம் என்று அதற்குப் பெயர். 1990-களின் குறைப்புக்காக வந்தது, பிறகு 2012 நிதியாண்டுச் சட்டத்தில் மீண்டும் உயிர்பெற்றது. அந்த அதிகாரம் நடப்பில் இருக்கும் காலத்தில், 15-க்கும் 20-க்கும் இடையில் உள்ளவர்களுக்குப் படை விரும்பினால் வழங்கலாம். 20-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓய்வூதியத்தில் 1 சதவீதம் வெட்டு. 15 ஆண்டு முடித்தவருக்கு 37.5 சதவீதம் வர வேண்டும், அதில் 5 சதவீதம் கழித்து 35.6 சதவீதம் வரும். மேலே சொன்ன எல்லாத் தொகைகளையும்விட நல்ல பேரம் இதுதான் என்பது என் கருத்து: வாழ்நாள் முழுதும் வரும், விலைவாசிக்கேற்ப உயரும், மருத்துவ வசதியும் கூடவே வரும்.

கட்டாயமாக அனுப்பும் குழு எப்படி வேலை செய்கிறது?

மூத்த அதிகாரிகள் சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து கோப்புகளைப் படித்து மதிப்பெண் போடுவார்கள். சம்பந்தப்பட்டவர் நேரில் வர முடியாது. அவருடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள், வகித்த பதவிகள், பதக்கங்கள், தண்டனைக் குறிப்புகள் ஆகியவைதான் அவருக்காகப் பேசும். ஒரு கோப்புக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மேலதிகாரி சோம்பலில் எழுதிய மந்தமான ஒரு பத்தி, அந்தச் சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். பதவி உயர்வுக் குழு சிறந்தவர்களைத் தேடுகிறது. இந்தக் குழு அடியில் இருப்பவர்களைத் தேடுகிறது. எல்லோருமே நன்றாக இருக்கும் தொகுதியிலும் அடி என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்.

ஏற்கெனவே ஓய்வூதியத் தகுதி பெற்ற லெப்டினன்ட் கர்னல், கர்னல்களுக்குத் தனிக் குழு. பதவி உயர்வில் இரண்டு முறை விடுபட்ட லெப்டினன்ட் கர்னல்களும், அந்தப் பதவியில் நான்கு ஆண்டு கழித்த கர்னல்களும் அதன் முன் வருவார்கள். பரிசீலனைக்கு வருபவர்களில் 30 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது சட்டம்.

இதில் அநியாயம் நடந்ததுண்டா?

சட்டப்படி நடந்தவைதான் அதிகம் வலித்தன.

2011-ல் அமெரிக்க விமானப்படை, இரண்டு முறை பதவி உயர்வு விடுபட்ட 157 அதிகாரிகளுக்கு நீட்டிப்பு மறுத்தது. ஓய்வூதியத்துக்கு ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு வழக்கமாக நீட்டிப்பு தருவார்கள். அதை நம்பித்தான் அவர்கள் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் இறுதிக்குள் வெளியே.

2014-ல் தரைப்படை. உச்சத்தில் 5,70,000 ஆக இருந்த பலத்தை 4,90,000-க்குக் கொண்டுவரும் முயற்சியில் ஏறத்தாழ 1,200 கேப்டன்களையும் 500-க்கும் மேற்பட்ட மேஜர்களையும் தேர்ந்தெடுத்து அனுப்பியது. சிலருக்கு ஆப்கானிஸ்தானில் பணியில் இருக்கும்போதே தகவல் வந்தது. அந்தத் தொகுதிகளில் கணிசமானவர்கள் சிப்பாயாகச் சேர்ந்து, சார்ஜென்ட் ஆகி, இராக் போரின் உச்சத்தில் அதிகாரிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதிகாரிப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர்கள்.

அவர்களில் சிலருக்கு மொத்தப் பணி 18 ஆண்டைத் தாண்டியிருந்ததால் 20 வரை பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் அதிகாரி நிலையில் ஓய்வு பெறக் குறைந்தது 10 ஆண்டு அதிகாரியாக இருந்திருக்க வேண்டும், தளர்த்தினாலும் 8. அந்த எட்டும் நிரம்பாதவர்கள், கேப்டனாக இருந்து சார்ஜென்ட் நிலை ஓய்வூதியத்தோடு போக வேண்டியிருந்தது. மாதத்துக்கு மாதம், ஆயுள் முழுக்க, அந்த வித்தியாசம் தொடரும்.

வாங்கிய பணத்தைத் திரும்பப் பிடிப்பார்களாமே?

பிடிப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பலரும் படிக்காமல் விடும் பத்தி இதுதான். விலகியவர் பிறகு ரிசர்வ் படை வழியாகவோ மறுபடி சேர்ந்தோ ஓய்வூதியத் தகுதி பெற்றால், முன்பு வாங்கிய தொகை கழியும் வரை அதிலிருந்து மாதாமாதம் பிடித்தம் உண்டு. முன்னாள் படைவீரர் துறை தரும் ஊனமுற்றோர் ஈட்டுத்தொகைக்கும் இதே கதிதான். முதுகெலும்புக் காயத்துக்கு மாதம் வர வேண்டிய பணம், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிச் செலவழித்துவிட்ட பிரிவுத் தொகைக்காக நிறுத்திவைக்கப்படும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிய வருகிறது. ஊனத்துக்கான தொகை பெறும் வாய்ப்பு உள்ளவர்கள், பிரிவுத் தொகையைக் கடன் என்றே எண்ணிக் கணக்குப் போடுவது நல்லது.

பணத்தைக் காட்டினால் திறமைசாலிகள்தானே முதலில் போவார்கள்?

வெளியே வேலை கிடைக்கும் என்ற தைரியம் உள்ளவர்தான் முதலில் கை தூக்குவார். அதைத் தடுக்கத்தான் தொகுதி, துறை என்று கட்டுப்பாடுகள். ஆனால் ஒரே தொகுதிக்குள் கெட்டிக்காரரையும் சுமாரானவரையும் அவற்றால் பிரிக்க முடியாது.

அதைவிடப் பெரிய சேதம் இன்னொன்று: புதிதாகச் சேர்ப்பதைக் குறைப்பது. யாரும் அழ மாட்டார்கள், பத்திரிகையில் வராது, அதனால் தலைவர்களுக்குப் பிடித்த வழி. 1990-களில் தரைப்படை லெப்டினன்ட்களைக் குறைவாகச் சேர்த்தது. பத்து ஆண்டு கழித்து இராக் போர் நடந்தபோது, மேஜராக வேண்டிய வயதில் ஆள் இல்லை. மேஜர் பதவி உயர்வு 80 சதவீத இலக்கைத் தாண்டி ஏறத்தாழ எல்லோருக்கும் கிடைத்தது. 2007-ல் கேப்டன்களைப் பிடித்து வைக்க 35,000 டாலர் வரை ஊக்கத்தொகை கொடுத்தார்கள். 1992-ல் போவதற்குப் பணம், 2007-ல் இருப்பதற்குப் பணம், 2014-ல் மறுபடி வெளியேற்றம். அந்த 2014 பட்டியலில், தட்டுப்பாட்டுக் காலத்தில் வாரி எடுக்கப்பட்டவர்களே இருந்தார்கள்.

2018-ல் காங்கிரஸ் சில இறுக்கங்களைத் தளர்த்தியது. பதவி உயர்வுப் பரிசீலனையை ஓர் அதிகாரி தள்ளிப்போடக் கேட்கலாம், தேவையான திறன் உள்ளவரை வெளியிலிருந்து நேரடியாக உயர்பதவியில் சேர்க்கலாம் என்பவை அவற்றில் சில.

ஜெனரல்களைக் குறைப்பதும் இப்படித்தானா?

அங்கே ஊக்கத்தொகை, விண்ணப்பம் எதுவும் இல்லை, பதவியே ஒழிக்கப்படும். 2025 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் நான்கு நட்சத்திர ஜெனரல் பதவிகளில் குறைந்தது 20 சதவீதத்தைக் குறைக்க உத்தரவிட்டார். ஓய்வூதியம் எப்போதோ உறுதியாகிவிட்டவர்கள் என்பதால் அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லை.

இந்தியாவில் இதுபோல் உண்டா?

'ஏறு, இல்லாவிட்டால் வெளியேறு' இங்கே இல்லை. கர்னல் பதவிக்குத் தேர்வாகாத லெப்டினன்ட் கர்னல், ஓய்வு வயது வரை பணியில் தொடரலாம். மேல்மட்டத்தில் நெரிசல் வராமல் இருக்க இந்தியா வைத்திருக்கும் வழி குறுகிய காலப் பணி. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் தேறி வருபவர்களில் பெரும்பாலோர் அந்த வகையினர்: 10 ஆண்டு, வேண்டுமானால் இன்னும் 4 ஆண்டு. நிரந்தரப் பணி கிடைக்காதவர் ஓய்வூதியம் இல்லாமல், பணிக்கொடையோடு வெளியே வருவார். நிரந்தர அதிகாரிக்கு ஓய்வூதியத் தகுதி இங்கும் 20 ஆண்டுதான். ஒரே வித்தியாசம், குறுகிய காலப் பணிக்கு வருகிறவருக்கு அந்தக் கணக்கு சேரும் நாளிலேயே தெரியும்.